ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் ரத்த ரிப்போர்ட்டை வச்சு ரிஸ்க்கை எப்படிப் படிக்கறது: முழு வழிகாட்டி

சிசியு-க்கு (இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வெளிய நிக்கற குடும்பத்துக்காரங்க லேப் கவுண்டருக்கு வந்து கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "ட்ரோபோனின் இவ்ளோ வந்திருக்கே, பொழச்சுருவாரா?" (ட்ரோபோனின்கறது இதயத் தசை சேதத்தைக் காட்டற ரத்த டெஸ்ட்.) அதுக்கு லேப்ல இருக்கறவங்க பதில் சொல்லக்கூடாது, டாக்டரைக் கேளுங்கன்னுதான் சொல்லணும். ஆனா டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப கிடைக்கற ரெண்டு நிமிஷத்துல என்ன கேக்கறதுன்னே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். கையில இருக்கற பேப்பர்ல எந்த நம்பர் என்ன சொல்லுது, எது சொல்லல, எதை எதோட சேத்துப் பாக்கணும், இதெல்லாம் வரிசையா வரும்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இது ஆஸ்பத்திரில அட்மிட் ஆனவங்களோட ரிப்போர்ட்டைப் புரிஞ்சுக்கறதுக்கு மட்டும்தான். நெஞ்சு வலின்னு வீட்ல ஒருத்தர் உக்காந்திருந்தா லேப்ல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே 108-க்குப் போன் பண்ணுங்க, வேற நாட்ல இருந்தா அங்க உள்ள ஆம்புலன்ஸ் நம்பருக்கு. ஈசிஜி கோட்டுல எஸ்டிங்கற பகுதி மேல தூக்கியிருந்தா ட்ரோபோனின் வர்ற வரைக்கும் எந்த டாக்டரும் காத்திருக்க மாட்டாங்க, நேரா கேத் லேப் (ஆஞ்சியோ பண்ற ரூம்) இல்லன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசிதான்.

படி 1: நம்பருக்கு முன்னாடி நேரத்தையும் யூனிட்டையும் பாருங்க

ஒரு பேப்பர் எடுத்து மூணு விஷயம் எழுதுங்க. வலி ஆரம்பிச்ச நேரம், ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்த நேரம், ஆஞ்சியோ பண்ணி ஸ்டெண்ட் வச்ச நேரம் இல்ல ஊசி போட்ட நேரம். ரிப்போர்ட்ல சாம்பிள் எடுத்த நேரம்னு ஒண்ணும் ரிப்போர்ட் குடுத்த நேரம்னு ஒண்ணும் தனித்தனியா இருக்கும், நமக்கு வேண்டியது முதல்ல உள்ளது. இது இல்லாம மத்த எதையும் படிக்கவே முடியாது, ஏன்னா ஹார்ட் அட்டாக்ல எல்லா மார்க்கரும் (நோயைக் காட்டற ரத்தப் பொருள்) மணிக்கு மணி மாறிக்கிட்டே இருக்கும்.

அடுத்து யூனிட். ட்ரோபோனினை சில லேப்ல நானோகிராம்/மில்லி-னு குடுப்பாங்க, சில லேப்ல நானோகிராம்/லிட்டர்னு குடுப்பாங்க, நடுவுல ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு சின்ன ஆஸ்பத்திரில 0.9-ன்னு பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினதும் 1,100-ன்னு பாத்து "ஆயிரம் மடங்கு ஏறிருச்சு"ன்னு கதறுறவங்க நிறைய. 0.9 நானோகிராம்/மில்லின்னா 900 நானோகிராம்/லிட்டர், அவ்ளோதான். அதோட ட்ரோபோனின் ஐ வேற, ட்ரோபோனின் டி வேற, கம்பெனிக்குக் கம்பெனி கிட் வேற. ரெண்டு லேப் நம்பரைப் பக்கத்துல வச்சு ஏறிருக்கா எறங்கிருக்கான்னு பாக்கவே கூடாது.

படி 2: ட்ரோபோனின் என்ன சொல்லுது, எங்க நிக்குது

இதயத் தசை செல் சாகறப்ப உள்ள இருக்கற ட்ரோபோனின் ரத்தத்துக்கு வருது. வலி ஆரம்பிச்சு ரெண்டு மூணு மணி நேரத்துல ஏற ஆரம்பிக்கும், 12-லருந்து 24 மணி நேரத்துக்குள்ள உச்சம் போகும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும் மெதுவா எறங்கும், டி-ன்னா ரெண்டு வாரம் வரைக்கும்கூட இருக்கும். அதனால மூணாவது நாளும் "இன்னும் ஹை"ன்னு வந்தா பதற வேண்டாம், அது எறங்கற வழில இருக்கா இல்ல எறங்கிட்டு திரும்ப ஏறுதாங்கறதுதான் கேள்வி. எறங்கிட்டு இருந்தது 20 சதவீதத்துக்கு மேல திரும்ப ஏறிச்சுன்னா, அதோட வலியோ ஈசிஜி மாற்றமோ இருந்தா, புதுசா இன்னொரு அட்டாக்கான்னு டாக்டர்கள் யோசிப்பாங்க.

சரி, இது உயிரோட இருக்கறதைப் பத்தி ஏதாவது சொல்லுதா? சொல்லுது. 1996-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, எஸ்டி தூக்காத வகை நெஞ்சு வலியோட வந்த 1,404 பேரைப் பாத்தாங்க. ட்ரோபோனின் ஐ 0.4 நானோகிராம்/மில்லிக்குக் கீழ இருந்தவங்கள்ல 42 நாளுக்குள்ள எறந்தவங்க 1.0 சதவீதம், அதுக்கு மேல இருந்தவங்கள்ல 3.7 சதவீதம், 9-ம் அதுக்கு மேலயும் போனவங்கள்ல 7.5 சதவீதம். நம்பர் ஏற ஏற ரிஸ்க்கும் படிப்படியா ஏறுது.

இப்ப அதே நம்பரைத் திருப்பிப் படிங்க. அந்த ஆய்வுல ரொம்ப மோசமான குரூப்லயே 100-க்கு 92 பேருக்கு மேல உயிரோட இருந்தாங்க. குடும்பத்துக்காரங்க மனசுல நிக்க வேண்டியது இதுதான்னு நான் நினைக்கறேன். சதவீதம்கறது ஒரு கூட்டத்தைப் பத்தின கணக்கு, உங்க அப்பா அந்தக் கூட்டத்துல எந்தப் பக்கம்னு அது சொல்லாது.

இன்னொண்ணு, ஊசி போட்டோ ஸ்டெண்ட் வச்சோ ரத்தக்குழாய் தொறந்துச்சுன்னா ட்ரோபோனின் சட்டுனு ஒரே தூக்கா தூக்கும், அடைஞ்சிருந்த எடத்துல சேந்திருந்ததெல்லாம் ரத்தம் ஓடினதும் அடிச்சுக்கிட்டு வெளிய வரும். வெளிலருந்து பாக்கறவங்களுக்கு "சிகிச்சைக்கு அப்புறம் அதிகமாயிடுச்சே"ன்னு தோணும், ஆனா அது குழாய் தொறந்ததோட அடையாளமாவும் இருக்கலாம். எவ்ளோ தசை போயிருக்குன்னு ட்ரோபோனினை வச்சு மதிப்பிடணும்னா உச்சத்தை விட மூணாவது நாள் அளவுதான் எம்ஆர்ஐ-ல தெரியற சேதத்தோட நல்லா ஒத்துப்போகுது. நடைமுறைல அதுக்கு எக்கோ (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) பாத்துடுவாங்க, பம்பிங் எத்தனை சதவீதம்னு நேராவே தெரிஞ்சுடும்.

படி 3: பிஎன்பி அல்லது என்டி-ப்ரோபிஎன்பி, என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான பேப்பர்

ட்ரோபோனின் எவ்ளோ தசை செத்துச்சுன்னு சொல்லுது. மிச்சம் இருக்கற தசை எவ்ளோ கஷ்டப்படுதுன்னு சொல்றது பிஎன்பி. இதய அறை விரிஞ்சு சுவர்ல இழுப்பு வந்தா தசை செல்லே இந்த ஹார்மோனைச் சுரக்கும், உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளி சுமையைக் குறைக்கறதுக்காக. 1988-ல ஜப்பான்ல பன்னியோட மூளைலருந்துதான் இதை முதல்ல பிரிச்செடுத்தாங்க, அதான் பேர்ல மூளை இருக்கு, ஆனா மனுஷங்களுக்கு இது பெரும்பாலும் இதயத்துலருந்துதான் வருது. பிஎன்பி ரத்தத்துல 20 நிமிஷத்துல பாதியாயிடும், அதோட பொறக்கற இன்னொரு துண்டான என்டி-ப்ரோபிஎன்பி ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாங்கும், அதனால லேப்புக்கு இது சௌகரியம்.

2001-ல 2,525 பேர்கிட்ட பாத்த ஆய்வுல, வலி வந்து முதல் சில நாளுக்குள்ள எடுத்த பிஎன்பி அடுத்த பத்து மாச சாவு ரிஸ்க்கோட நேரா சேந்து போச்சு, ட்ரோபோனின் நார்மலா இருந்தவங்ககிட்டயும். அப்புறம் 2003-ல 6,809 பேர் இருந்த இன்னொரு பெரிய ஆய்வு, அதுல என்டி-ப்ரோபிஎன்பி அளவை நாலு பங்கா பிரிச்சாங்க. ஒரு வருஷத்துக்குள்ள எறந்தவங்க அடிப் பங்குல 1.8 சதவீதம், அடுத்ததுல 3.9, அப்புறம் 7.7, மேல் பங்குல 19.2. இதோட கிட்னி வேலையையும் சேத்துப் பாத்தப்பதான் பெரிய வித்தியாசம் தெரிஞ்சுது, ரெண்டுமே மோசமான பங்குல இருந்தவங்கள்ல 25.7 சதவீதம், ரெண்டுமே நல்ல பங்குல இருந்தவங்கள்ல 0.3 சதவீதம். ரெண்டே ரெண்டு சாதாரண ரத்தப் பரிசோதனை, ஒரே மாதிரி நெஞ்சு வலியோட வந்தவங்களை இவ்ளோ தூரம் பிரிச்சுக் காட்டுது.

ஆனா இதுக்கும் குழப்பம் உண்டு. வயசானவங்களுக்கு இயல்பாவே கூட இருக்கும், கிட்னி வேலை கம்மியா இருந்தா தேங்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு துடிப்பு ஒழுங்கில்லாம இருந்தா ஏறும். குண்டா இருக்கறவங்களுக்கு எதிர்பாக்கறதை விட கம்மியா காட்டும், அதனால உடம்பு பெருத்தவருக்கு "நார்மல்"னு வந்தா முழுசா நிம்மதி ஆயிட முடியாது. இதயம் பலவீனமானவங்களுக்குக் குடுக்கற சாக்யூபிட்ரில்-வால்சார்டன் மாத்திரை ஆரம்பிச்சா பிஎன்பி ஏறிக் காட்டும், ஏன்னா பிஎன்பி-யை ஒடைக்கற என்சைமையே அந்த மாத்திரை தடுக்குது, அவங்களுக்கு என்டி-ப்ரோபிஎன்பி-தான் பாக்கணும். பிஎன்பி-யும் என்டி-ப்ரோபிஎன்பி-யும் ஒரே அளவுகோல் கிடையாது, ஒரு ரிப்போர்ட்ல 300, அடுத்ததுல 2,000-ன்னா முதல்ல பேரைப் பாருங்க.

நிறைய எடத்துல இந்த டெஸ்ட்டை எல்லாருக்கும் எடுக்கறதில்ல. மூச்சு வாங்குது, எக்கோல பம்பிங் கொறஞ்சிருக்குன்னா, "டிஸ்சார்ஜுக்கு முன்னாடி என்டி-ப்ரோபிஎன்பி ஒரு தடவை பாக்கலாமா டாக்டர்?"னு கேக்கறதுல தப்பே இல்ல. வீட்டுக்குப் போறப்ப உள்ள அளவுதான் பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

படி 4: யாருமே கண்டுக்காத சாதாரண டெஸ்ட்டுங்க

க்ரியாட்டினின், கிட்னி வேலையைக் காட்டற டெஸ்ட். விலை கம்மி, எல்லா லேப்லயும் உண்டு, சாவு ரிஸ்க்கைச் சொல்றதுல பெரிய ஆளு. ஹார்ட் அட்டாக்கோட இதயம் பலவீனமான 14,527 பேரை வச்சு 2004-ல வந்த ஆய்வுல, கிட்னி வடிகட்டற வேகம் 75-ம் அதுக்கு மேலயும் இருந்தவங்கள்ல மூணு வருஷத்துல எறந்தவங்க 14.1 சதவீதம், 45-க்குக் கீழ இருந்தவங்கள்ல 45.5 சதவீதம். அதனால வெறும் க்ரியாட்டினினைப் பாக்காதீங்க, ரிப்போர்ட்லயே இருக்கற இஜிஎஃப்ஆர் (வடிகட்டற வேகம்) நம்பரைப் பாருங்க, ஒல்லியான வயசான அம்மாவுக்கு க்ரியாட்டினின் 1.2 பாக்க நல்லாத்தான் தெரியும் ஆனா வடிகட்டற வேகம் பாதிக்குக் கீழ போயிருக்கும். ஆஞ்சியோவுக்குப் போட்ட டையால ரெண்டு மூணு நாள்ல க்ரியாட்டினின் ஏறலாம், அதனால ஆஞ்சியோவுக்கு முன்ன எவ்ளோ, 48-லருந்து 72 மணி நேரம் கழிச்சு எவ்ளோன்னு ரெண்டையும் குறிச்சு வைங்க.

வந்தவுடனே எடுத்த சுகர். சுகர் வியாதியே இல்லாதவருக்கு ஹார்ட் அட்டாக் அன்னைக்கு சுகர் ஏறியிருந்தா "டென்ஷன்ல ஏறிருக்கும்"னு விட்டுடறாங்க. 2000-ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, சுகர் வியாதி இல்லாதவங்களுக்கு அன்னைக்கு 110-லருந்து 144 மில்லிகிராம் வரைக்கும், இல்ல அதுக்கும் மேல இருந்தா ஆஸ்பத்திரில சாவு ரிஸ்க் ஏறக்குறைய நாலு மடங்குன்னு வந்துச்சு. உடம்பு எவ்ளோ பெரிய அதிர்ச்சில இருக்குங்கறதை அந்த சுகர் காட்டுது. எச்பிஏ1சி-யும் (கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) எடுத்தா இது அன்னைக்கு ஏறின சுகரா, ரொம்ப நாளா தெரியாம இருந்த சுகரான்னு பிரிச்சுடலாம். நம்ம வீடுகள்ல ரெண்டாவதுதான் நிறைய வருது.

ஹீமோகுளோபின் கொறஞ்சிருந்தா இதயத்துக்குப் போற ஆக்சிஜனும் கொறையும், அதுக்கு மேல ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை வேற குடுக்கறாங்க, அதனால தினமும் இது எறங்குதான்னு பாக்கணும். பொட்டாசியம் 3.5-லருந்து 4.5 வரைக்கும் இருந்தவங்களுக்குத்தான் சாவு கம்மின்னு 2012-ல 38,689 பேர் ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்லியிருக்காங்க, ரொம்ப எறங்கினாலும் ரொம்ப ஏறினாலும் துடிப்புக் கோளாறு வரும். வெள்ளை அணு எண்ணிக்கையும் ஏறும், அது தொற்றுன்னு அர்த்தம் இல்ல, அட்டாக்குக்கு உடம்போட பதில், ரொம்ப ஏறினா ரிஸ்க் கூடத்தான், ஆனா அதை வச்சு யாரும் தனியா முடிவெடுக்கறதில்ல.

படி 5: லாக்டேட், இது ஷாக் வந்தவங்களுக்கு மட்டும்

பிபி விழுந்து, கை கால் ஜில்லுன்னு ஆகி, யூரின் கொறஞ்சுடுச்சுன்னா அதுதான் கார்டியோஜெனிக் ஷாக், இதயத்தால போதுமான ரத்தத்தை பம்ப் பண்ண முடியாத நிலை. இங்க கதையே வேற, ட்ரோபோனினை யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க, லாக்டேட்தான் ராஜா. திசுக்களுக்கு ரத்தம் பத்தலைன்னா லாக்டேட் சேரும், 2 மில்லிமோல்/லிட்டருக்கு மேல போனா கவனம், 5-க்கு மேல போனா ஆபத்து.

ஜெர்மனிலருந்து வந்த ஒரு ஸ்கோர் ஷாக்குக்குன்னே இருக்கு. 73 வயசுக்கு மேலன்னா 1, முன்ன பக்கவாதம் வந்திருந்தா 2, சுகர் 191-க்கு மேல 1, க்ரியாட்டினின் 1.5-க்கு மேல 1, லாக்டேட் 5-க்கு மேல 2, ஸ்டெண்ட் வச்சும் ரத்த ஓட்டம் முழுசா திரும்பலன்னா 2. ஆறுல மூணு ரத்த டெஸ்ட். வேற நோயாளிகள்கிட்ட சரிபாத்தப்ப 0-2 எடுத்தவங்கள்ல 30 நாளுக்குள்ள எறந்தவங்க 28 சதவீதம், 3-4-ல 42.9, 5-ம் அதுக்கு மேலயும் 77.3. கடுமையான நம்பர்தான். ஆனா அங்கயும் சிகிச்சைக்கு அப்புறம் லாக்டேட் எறங்குதான்னுதான் டாக்டர்கள் மணிக்கணக்கா பாத்துட்டு இருப்பாங்க, ஒரு தடவை எடுத்த லாக்டேட்டை விட எட்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது நிறைய சொல்லும். குடும்பத்துக்காரங்க கேக்க வேண்டியதும் "எவ்ளோ இருக்கு"ன்னு இல்ல, "எறங்குதா?"ன்னுதான்.

படி 6: சிஆர்பி-யும் புதுசா வந்த மார்க்கர்களும்

சிஆர்பி அழற்சியைக் காட்டும், கல்லீரல்ல உருவாகுது, அட்டாக் ஆகி ரெண்டு மூணு நாள்ல உச்சம். அந்த நேரத்துல எடுத்தா எல்லாருக்குமே ஏறித்தான் இருக்கும். ஒரு மாசம் கழிச்சும் 2 மில்லிகிராம்/லிட்டருக்கு மேல நின்னுச்சுன்னா மிச்ச அழற்சின்னு சொல்றாங்க. 2017-ல 10,061 பேர்கிட்ட அழற்சியைக் கொறைக்கற ஊசி போட்டு பாத்ததுல மறுபடி அட்டாக், பக்கவாதம், இதய நோயால சாவு எல்லாம் சேத்து 15 சதவீதம் கொறஞ்சுது. 2019-ல கோல்ச்சிசின்கற அழற்சி மாத்திரையும் நல்ல பலன் காட்டுச்சு, ஆனா 2024-ல வந்த பெரிய ஆய்வுல பலன் இல்லன்னு வந்துச்சு. அதனால யாரோ சொன்னாங்கன்னு நீங்களா வாங்கிப் போடாதீங்க.

ஜிடிஎஃப்-15, எஸ்டி2, கலெக்டின்-3, கோபெப்டின்னு இன்னும் நிறைய இருக்கு. இதுல ஜிடிஎஃப்-15 உண்மைலயே பலமானது, 2007-ல வந்த ஆய்வுல மூணு பங்கா பிரிச்சப்ப ஒரு வருஷ சாவு 1.5, 5.0, 14.1 சதவீதம்னு பிரிஞ்சுது. ஆனா அது ஏறியிருந்தா குடுக்கறதுக்குன்னு தனி மருந்து ஒண்ணும் கிடையாது. முழு பேக்கேஜ்னு சொல்லி இதையெல்லாம் ஆயிரக்கணக்குல விக்கறாங்க, என் கருத்து அந்தக் காசுக்கு ஆறு மாச மாத்திரை வாங்கலாம்.

படி 7: எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போடறது

உலகம் பூரா டாக்டர்கள் பயன்படுத்தறது க்ரேஸ் ஸ்கோர். எட்டு விஷயம்: வயசு, பல்ஸ், பிபி, க்ரியாட்டினின், நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கா, வந்தப்ப இதயம் நின்னுச்சா, ஈசிஜி-ல எஸ்டி மாற்றம், ட்ரோபோனின் மாதிரி மார்க்கர் ஏறியிருக்கா. எட்டுல ரெண்டுதான் ரத்த டெஸ்ட்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். 62 வயசுக்கு 58 பாயிண்ட், பல்ஸ் 96-க்கு 15, பிபி 110-க்கு 43, க்ரியாட்டினின் 1.5-க்கு 10, நுரையீரல் அடில கொஞ்சம் தண்ணின்னா 20, எஸ்டி மாற்றம் 28, மார்க்கர் ஏறினதுக்கு 14. மொத்தம் 188. பழைய அட்டவணைப்படி ஆஸ்பத்திரிக்குள்ள சாவு ரிஸ்க் சுமார் 13 சதவீதம். இப்ப அதே ஆளுக்கு ட்ரோபோனின் அப்படியே இருக்கட்டும், நுரையீரல் சுத்தமா இருக்கு, பிபி 130-ன்னு வைங்க, 159-க்கு வந்துடும், ரிஸ்க் 5 சதவீதம் சுமாருக்கு எறங்கிடும். ரத்தத்துல ஒரு நம்பர்கூட மாறல. பெட் பக்கத்துல நின்னு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்கறது எவ்ளோ பெரிய தகவல்னு இதுல தெரியும். (அந்த அட்டவணை 2000-ஐ ஒட்டின காலத்து நோயாளிகள வச்சுப் போட்டது.) 140-க்கு மேல போனா ஹை ரிஸ்க், எஸ்டி தூக்காத வகைன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ பண்றதைப் பத்தி யோசிப்பாங்க. இந்த ஸ்கோரை வச்சு முடிவெடுக்கறது இதைத்தான், யாருக்கு சீக்கிரம், யாரை சிசியு-ல இன்னொரு நாள் வைக்கணும்.

மார்க்கர்களை ஒண்ணுமேல ஒண்ணு சேத்தாலும் தகவல் கூடுது. 2002-ல ட்ரோபோனின், சிஆர்பி, பிஎன்பி மூணையும் வச்சுப் பாத்தாங்க, ஒண்ணு மட்டும் ஏறியிருந்தா 30 நாள் சாவு ரிஸ்க் 1.8 மடங்கு, ரெண்டுன்னா 3.5, மூணும்னா 6 மடங்கு. மூணும் மூணு வேற கதையைச் சொல்றதாலதான் இப்படி, ஒண்ணு தசை சேதம், ஒண்ணு அழற்சி, ஒண்ணு அழுத்தம்.

படி 8: தப்பான நம்பர் வர்ற எடங்க

முடி வளர, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை அதிக டோஸ்ல சாப்டறவங்களுக்கு சில கம்பெனி கிட்ல ட்ரோபோனின் பொய்யா கம்மியாக் காட்டும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல இதுக்கு எச்சரிக்கையே குடுத்துச்சு, அட்மிஷன்லயே சொல்லிடுங்க. ஊசி குத்தறப்ப ரத்த அணு ஒடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறும், ரிப்போர்ட் அடில ஹீமோலைஸ்டுன்னு எழுதியிருந்தா திரும்ப எடுக்கச் சொல்லுங்க. கிட்னி ஃபெயிலியர் ஆளுங்களுக்கு ட்ரோபோனின் எப்பவுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், அவங்களுக்கு ஏற்ற இறக்கம்தான் கணக்கு. ட்ரோபோனின் ஏறினதெல்லாம் குழாய் அடைப்புன்னும் இல்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டி, கடுமையான தொற்று, இதயத் தசை அழற்சி எதுலயும் ஏறும்.

படி 9: டாக்டர்கிட்ட என்ன கேக்கறது, வீட்டுக்கு வந்ததும் என்ன பாக்கறது

ரவுண்ட்ஸ்ல கேக்க இதை எழுதி வச்சுக்கோங்க: க்ரேஸ் ஸ்கோர் எவ்ளோ சார், எக்கோல பம்பிங் எவ்ளோ, நுரையீரல் சுத்தமா இருக்கா, க்ரியாட்டினின் ஆஞ்சியோவுக்கு அப்புறம் ஏறிச்சா, இந்த ரிஸ்க்கைக் கொறைக்க இப்ப என்ன பண்றீங்க. கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாக் கேளுங்க, அதுக்குப் பதில்தான் உங்களுக்கு நாளைக்கு வேலைக்கு ஆகும்.

டிஸ்சார்ஜ் ஆகறப்ப சம்மரி மட்டும் போதாது, எல்லா லேப் ஷீட்டும் நேரத்தோட வாங்கிக்கோங்க. நாலுலருந்து ஆறு வாரத்துல எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) திரும்ப எடுக்கணும், ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 55-க்குக் கீழ, முன்ன இருந்ததுல பாதிக்கும் கீழ வரணும், வரலன்னா டாக்டர் மாத்திரை டோஸை ஏத்துவாங்க இல்ல எஸெட்டிமைப்னு கொழுப்பைக் கொறைக்கற இன்னொரு மாத்திரையைச் சேப்பாங்க. பம்பிங் கொறஞ்சதுக்கு மாத்திரை ஆரம்பிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல க்ரியாட்டினினும் பொட்டாசியமும் பாக்கணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. மூச்சு வாங்கறது திரும்ப வந்தாலோ ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ எடை ஏறினாலோ அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, டிஸ்சார்ஜ் அன்னைக்கு எடுத்த என்டி-ப்ரோபிஎன்பி பேப்பரையும் கையோட எடுத்துக்கிட்டு போங்க, புதுசா எடுக்கறதை அதோட வச்சுத்தான் பாப்பாங்க.